ராபர்ட் போர்க்கை செனட் சபை நிராகரித்தது அரசியலாலா, அரசமைப்புச் சட்ட வாதத்தாலா?

கேள்வி இது: 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிபர் ரொனால்ட் ரீகன் முன்மொழிந்த ராபர்ட் போர்க்கை செனட் சபை நிராகரித்ததற்கு, அரசமைப்புச் சட்டத்தை அவர் படித்த முறை காரணமா, அல்லது அது வெறும் கட்சிச் சண்டையா? நீதிபதி ஒருவரின் சட்டப் பார்வையை அரசியல்வாதிகள் எடைபோடுவது முறைதானா?

இதற்கு அமெரிக்காவில் இன்றும் இரண்டு ஆயத்த விடைகள் உண்டு. போர்க்கின் ஆதரவாளர்களைக் கேட்டால், படிப்பிலும் அனுபவத்திலும் எவருக்கும் குறையாத ஒருவரைப் பொய்ப் பரப்புரையால் வீழ்த்தினார்கள் என்பார்கள். எதிர்த்தவர்களைக் கேட்டால், மக்கள் பெற்றிருந்த உரிமைகளைப் பறித்துவிடக்கூடிய ஒருவரைத் தக்க நேரத்தில் தடுத்து நிறுத்தினார்கள் என்பார்கள். எனக்கு இரண்டுமே பாதி விடைகளாகத்தான் படுகின்றன. வெளியே நடந்த பரப்புரையில் அநியாயம் இருந்தது. ஆனால் செனட் நீதித்துறைக் குழுவின் அறைக்குள் நடந்தது அசலான அரசமைப்புச் சட்ட விவாதம். அந்த விவாதத்தில் போர்க் தோற்றார். தோல்விக்கான காரணம் அவருடைய கோட்பாட்டுக்குள்ளேயே இருந்தது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

முதலில் சூழ்நிலை. 1987 ஜூன் இறுதியில் நீதிபதி லூயிஸ் பவல் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். ஒன்பது பேர் கொண்ட நீதிமன்றத்தில் எந்தப் பக்கமும் முழுமையாகச் சாயாத நடுவிலிருந்தவர் அவர். கருக்கலைப்பு உரிமையை நிலைநாட்டிய 1973-ஆம் ஆண்டின் 'ரோ எதிர் வேட்' தீர்ப்பில் பெரும்பான்மையோடு இருந்தார். 1986-இல் அதே உரிமை தொடர்பான வழக்கு 5-4 என்று முடிந்தபோது அந்த ஐந்தில் அவரும் ஒருவர். அதே 1986-இல்தான் ஆன்டனின் ஸ்காலியா உச்ச நீதிமன்றத்துக்கு 98-0 என்ற வாக்கில் ஒப்புதல் பெற்றிருந்தார். ஸ்காலியாவின் பார்வை போர்க்கின் பார்வைக்கு மிகவும் தொலைவில் இருக்கவில்லை. ஆனால் ஸ்காலியா வந்தபோது ஒரு பழமைவாதியின் இடத்துக்கு இன்னொரு பழமைவாதி வந்தார், அவ்வளவுதான். பவலின் இடம் தராசின் முள். தவிர, 1986 நவம்பர் தேர்தலில் செனட் சபை ஜனநாயகக் கட்சியின் கைக்கு 55-45 என்று மாறியிருந்தது. ஜூலை 1 அன்று ரீகன் போர்க்கின் பெயரை அறிவித்தபோது, ஆள் யார் என்பதைப் போலவே இடம் எது என்பதும் முடிவைத் தீர்மானிக்கும் நிலை இருந்தது. இதை அரசியல் என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆளும் சாதாரண ஆள் இல்லை. யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். நிக்சன், ஃபோர்டு ஆட்சிகளில் சொலிசிட்டர் ஜெனரல். 1982 முதல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி. வாட்டர்கேட் விவகாரத்தில், 1973 அக்டோபர் 20 சனிக்கிழமை இரவு, அதை விசாரித்துவந்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸைப் பணிநீக்கம் செய்யும்படி நிக்சன் இட்ட ஆணையை நிறைவேற்ற மறுத்து அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் பதவி விலக, அவருக்கு அடுத்திருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸும் மறுத்து வெளியேற, வரிசையில் மூன்றாவதாக நின்ற போர்க்தான் அதை நிறைவேற்றினார். அந்த நிழல் பதினான்கு ஆண்டுகள் கழித்தும் அவரை விடவில்லை. ஆனாலும் 1987-இன் விவாதம் அதைப் பற்றியதாக இருக்கவில்லை.

விவாதத்தின் மையத்தில் இருந்தது 1965-ஆம் ஆண்டின் 'கிரிஸ்வோல்ட் எதிர் கனெக்டிகட்' வழக்கு. கனெக்டிகட் மாநிலத்தில் 1879-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், கருத்தடைச் சாதனங்களைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியிருந்தது. மணமான தம்பதியருக்கும் விலக்கு இல்லை. நியூ ஹேவன் நகரில் மருத்துவமனை ஒன்றைத் திறந்து தம்பதியருக்குக் கருத்தடை ஆலோசனை வழங்கிய எஸ்டெல் கிரிஸ்வோல்டுக்கும் மருத்துவர் லீ பக்ஸ்டனுக்கும் தலா 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. (யேல் இருப்பதும் அதே நியூ ஹேவனில்தான், போர்க் அப்போது அங்கே பேராசிரியர்.) உச்ச நீதிமன்றம் 7-2 என்ற வாக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. எதிர்த்து எழுதிய நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட்டே அந்தச் சட்டத்தை அசாதாரணமான மடமை என்றுதான் குறிப்பிட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது: அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் 'அந்தரங்க உரிமை' என்ற சொல்லே கிடையாது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய வில்லியம் டக்ளஸ், பேச்சுரிமை, வீட்டில் அத்துமீறிச் சோதனையிடத் தடை, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்ற பாதுகாப்பு ஆகிய தனித்தனி உரிமைகளைச் சுற்றிப் படரும் நிழல்வட்டங்கள் உண்டென்றும், அவ்வட்டங்கள் சேர்ந்து அந்தரங்கம் என்ற பொது உரிமையைத் தருகின்றன என்றும் வாதிட்டார். உருவகமாகப் படித்தால் அழகாக இருக்கிறது. சட்டக் காரணமாகப் படித்தால் பிடி கிடைக்காமல் நழுவுகிறது.

போர்க் அந்த நழுவலைத்தான் பிடித்துக்கொண்டார். 1971-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் சட்ட இதழில் அவர் எழுதிய கட்டுரையில் ஓர் ஒப்பீடு வருகிறது. கருத்தரிக்கும் அச்சமின்றி உறவு கொள்ள விரும்பும் தம்பதியரின் விருப்பத்தையும், புகையைக் கட்டுப்படுத்தும் விதியின்றி மின்சாரம் தயாரிக்க விரும்பும் ஒரு மின் நிறுவனத்தின் விருப்பத்தையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒருவகை நிறைவைத் தேடுபவையே, அரசமைப்புச் சட்டம் வாய் திறக்காத இடத்தில் ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றொன்றைத் தாழ்ந்ததென்றும் சொல்ல நீதிபதிக்கு எந்த அளவுகோலும் இல்லை என்றார். படிப்பவரைச் சீண்டுவதற்கென்றே எழுதியதுபோல இருக்கும் அந்த வரிகளுக்கு அடியில் கனமான கேள்வி ஒன்று உண்டு. வாழ்நாள் பதவியில் அமர்ந்திருக்கும், யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஒன்பது பேர், மக்களின் பிரதிநிதிகள் இயற்றிய சட்டத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்றால் அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அரசமைப்புச் சட்டத்தின் சொற்களிலிருந்தும், அச்சொற்களை இயற்றி ஏற்றவர்கள் கொண்ட பொருளிலிருந்தும் மட்டுமே வர முடியும், வேறெங்கிருந்து வந்தாலும் அது நீதிபதியின் சொந்த விருப்பம் சட்டத்தின் வேடம் போட்டுக்கொண்டு வருவது என்பதே போர்க்கின் விடை. ஒரிஜினலிசம் என்று இன்று பரவலாக அறியப்படும் கோட்பாட்டின் சுருக்கம் இது. போர்க் தனியாக நின்று இதைப் பேசவில்லை. 1985-இல் ரீகனின் அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ் இதையே அரசின் கொள்கையாகப் பொதுமேடையில் முழங்கினார். பணியிலிருந்த நீதிபதி வில்லியம் பிரென்னன், இருநூறு ஆண்டுகளுக்கு முந்தையவர்களின் மனத்தைத் துல்லியமாக அறிய முடியும் என்பது பணிவின் உடையில் வரும் ஆணவம் என்ற பொருள்பட, அதே ஆண்டில் பதிலளித்தார்.

ஒரே நூற்பாவுக்கு இரண்டு உரையாசிரியர்கள் இருவேறு பொருள் கொள்வது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. நூலாசிரியர் கருத்து இதுவே என்று இருவருமே சாதிப்பார்கள். அங்கே உரை பிழைத்தால் இன்னொருவர் மறுத்து எழுதுவார், அத்தோடு முடிந்தது. இங்கே உரை பிழைத்தால் ஒருவர் சிறைக்குப் போகலாம்.

செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விசாரணையில் போர்க் ஐந்து நாட்கள் தொலைக்காட்சி முன்னிலையில் பதிலளித்தார். குழுவின் தலைவர் ஜோ பைடன். அவர் எடுத்த ஒரு முடிவு விவாதத்தின் தரத்தையே மாற்றியது என்று கருதுகிறேன்: நாட்டைப் பிளந்துகொண்டிருந்த கருக்கலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, கிரிஸ்வோல்டை நடுவில் வைத்தார். இது தந்திரமும்தான், தம்பதியரின் படுக்கையறைக்குள் போலீஸ் வரலாமா என்று கேட்டால் வரலாம் என்று எந்த ஊரிலும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தந்திரம் என்பதாலேயே அந்தக் கேள்வி பொருந்தாக் கேள்வி ஆகிவிடாது. எழுதப்படாத உரிமைகள் உண்டா என்பதற்கு கிரிஸ்வோல்டைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு இல்லை. நான் மனிதனாகப் பிறந்ததால் எனக்கு உரிமைகள் இருக்கின்றன, அரசமைப்புச் சட்டம் கொடுத்ததால் அல்ல என்ற கருத்தை பைடன் தம் தொடக்க உரையிலேயே வைத்தார். போர்க்கின் நிலைப்பாடு இதற்கு நேர் எதிர்.

அப்போது ஒன்பதாவது திருத்தம் மேசைக்கு வந்தது. சில உரிமைகளைப் பட்டியலிட்டிருப்பதைக் காரணமாகக் காட்டி மக்களிடம் உள்ள மற்ற உரிமைகளை மறுக்கவோ சிறுமைப்படுத்தவோ கூடாது என்பது அதன் சாரம். இதற்குப் பொருள் என்ன என்ற கேள்விக்கு போர்க் ஓர் உவமை சொன்னார்: ஒரு திருத்தத்தின் தொடக்கம் மட்டும் தெரிந்து, மீதியின் மேல் மை கொட்டியிருக்கிறது, வேறு படியும் இல்லை என்றால், மைக்கறைக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று நீதிமன்றம் தானாகக் கற்பனை செய்ய முடியாது. நேர்மையான பதில்தான். ஆனால் இயற்றியவர்களின் சொற்களுக்கு முழுமையாகக் கட்டுப்படுகிறேன் என்று சொல்லும் ஒருவர், அவர்கள் தெளிவான எழுத்தில் எழுதி வைத்த ஒரு வாக்கியத்தை மைக்கறைக்கு ஒப்பிட வேண்டியிருந்தது என்றால், கோட்பாடு தன் முதல் தேர்விலேயே தடுமாறுகிறது. சொல் இல்லை என்பதற்காக அந்தரங்க உரிமையை மறுத்தவர், சொல் இருக்கும் இடத்தில் அதைப் படிக்க இயலவில்லை என்றார்.

இதைவிட ஆழமான இடறல் இனப்பாகுபாட்டு வழக்குகளில் இருந்தது. பள்ளிகளில் வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதை 1954-இல் 'பிரவுன்' தீர்ப்பு சட்டவிரோதமாக்கியது. அதற்கு அடிப்படையான பதினான்காவது திருத்தம் ஏற்கப்பட்டது 1868-இல். அதை முன்மொழிந்த நாடாளுமன்றத்தின் கண்ணெதிரிலேயே வாஷிங்டனில் பிரித்து வைக்கப்பட்ட பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. இயற்றியவர்களின் நோக்கமே எல்லை என்றால் பிரவுன் தீர்ப்பை எப்படி நியாயப்படுத்துவது? போர்க் அதை முழு மனத்தோடு ஆதரித்தார். அவருடைய விளக்கம் இது: இயற்றியவர்கள் கறுப்பினத்தவருக்குச் சமத்துவம் தர விரும்பினார்கள், பிரித்து வைத்தாலும் சமத்துவம் சாத்தியம் என்று நம்பினார்கள், 1954-க்குள் அந்த நம்பிக்கை பொய்த்துப்போனதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நீதிமன்றம் சமத்துவத்தைத் தேர்ந்தெடுத்தது. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். ஆனால் இதில் போர்க் செய்திருப்பது என்ன? இயற்றியவர்களின் குறிப்பான எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேலே இருக்கும் பொதுவான கொள்கையை எடுத்துக்கொண்டிருக்கிறார். சமத்துவத்தில் இந்த ஏணியில் ஒரு படி ஏறலாம் என்றால், சுதந்திரம் என்ற சொல் வரும்போது ஏன் ஏறக் கூடாது? எந்தப் படியில் நிற்பது என்பதை அரசமைப்புச் சட்டத்தின் எழுத்து சொல்வதில்லை, படிப்பவர்தான் தீர்மானிக்கிறார். நீதிபதியின் சொந்தத் தேர்வை முழுவதுமாக வெளியேற்றிவிடும் என்று வாக்களித்த கோட்பாட்டுக்குள், அந்தத் தேர்வு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் இதை நன்றாகப் பிடித்தார். அவர் குடியரசுக் கட்சிக்காரர், முன்னாள் அரசு வழக்கறிஞர். பிரவுன் வெளியான அதே நாளில் வந்த துணை வழக்கு 'போலிங் எதிர் ஷார்ப்'. வாஷிங்டன் நகரம் எந்த மாநிலத்திலும் சேராததால், மாநிலங்களை மட்டும் கட்டுப்படுத்தும், பதினான்காவது திருத்தத்தின் சம பாதுகாப்பு விதி அதற்குப் பொருந்தாது. ஆகவே ஐந்தாவது திருத்தத்தின் 'உரிய சட்ட நடைமுறை' என்ற தொடருக்குள் சமத்துவத்தை வைத்துப் படித்து நீதிமன்றம் அதே முடிவுக்கு வந்தது. அந்தக் காரணவழி தமக்கு ஏற்புடையதல்ல என்றார் போர்க். ஆனால் தீர்ப்பை மாற்றும் எண்ணம் அறவே இல்லை என்றும் சொன்னார். நிலைபெற்றுவிட்ட தீர்ப்புகளை நோக்கத்தோடு பொருந்தாவிட்டாலும் ஏற்பீர்கள் என்றால், எதை ஏற்பீர்கள் எதை மாற்றுவீர்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கோணத்தில் ஸ்பெக்டர் மணிக்கணக்கில் கேட்டார். இறுதியில் எதிர்த்தே வாக்களித்தார். அமெரிக்க நாடாளுமன்றப் பதிவுகளில் ஒரு செனட்டரும் ஒரு நீதிபதியும் இந்த அளவுக்கு நேருக்கு நேர் சட்டம் பேசிய பக்கங்கள் அரிது. இணையத்தில் காணொலி கிடைக்கிறது, பொறுமை உள்ளவர்கள் பார்க்கலாம்.

போர்க்குக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான சான்று அவருடைய எதிரிகள் கையாண்ட எதுவும் இல்லை, அவரே எழுதிய ஒரு தீர்ப்பு என்பேன். 1984-இல் 'ஆல்மன் எதிர் எவன்ஸ்' என்ற அவதூறு வழக்கு அவருடைய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. மார்க்சியப் பேராசிரியர் ஒருவரைப் பற்றி பத்திரிகைப் பத்தி எழுத்தாளர்கள் இருவர் எழுதியதை அந்தப் பேராசிரியர் அவதூறு என்றார். பெருந்தொகை கேட்டு வரும் அவதூறு வழக்குகள் பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் புதிய ஆபத்தாக வளர்ந்திருக்கின்றன, நிலைபெற்ற ஒரு விழுமியத்துக்கு வரும் புதிய அச்சுறுத்தலைக் காண மறுத்து, குறுகிய பொருள் கொள்ளும் நீதிபதி தம் கடமையில் தவறுகிறார் என்ற கருத்தோடு போர்க் எழுத்தாளர்களின் பக்கம் நின்று தனித் தீர்ப்பு எழுதினார். அருமையான தீர்ப்பு அது. ஆனால் காலத்துக்கேற்ப உரிமையின் எல்லையை விரித்துப் படிப்பது என்று பிரென்னன் சொல்லிவந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அதே அமர்வில் இருந்து இதைக் கண்டித்து எதிர்த் தீர்ப்பு எழுதியவர் ஸ்காலியா. ஒரே கோட்பாட்டின் இரு பெரும் முகங்கள் ஒரே வழக்கில் எதிரெதிரே நின்றார்கள். இயற்றியவர்களின் நோக்கம் என்ற பேச்சைக் கைவிட்டு, அச்சொற்களை அக்காலத்துப் பொதுமக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதே அளவுகோல் என்று ஒரிஜினலிசம் பிற்பாடு தன்னை மாற்றிக்கொண்டதற்கு ஸ்காலியா ஒரு முக்கியக் காரணம்.

இனி அநியாயத்துக்கு வருகிறேன். பெயர் அறிவிக்கப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் செனட்டர் எட்வர்ட் கென்னடி சபையில் எழுந்து, போர்க்கின் அமெரிக்காவில் பெண்கள் சந்து பொந்துகளில் கருக்கலைப்புக்கு அலைய வேண்டும், கறுப்பினத்தவர் உணவகங்களில் தனி இடத்தில் உட்கார வேண்டும், நள்ளிரவில் போலீஸ் கதவை உடைக்கும் என்று அடுக்கினார். இவற்றுள் எதையும் போர்க் விரும்பியதாகச் சான்று இல்லை. உணவகப் பேச்சுக்கு ஆதாரமாக இருந்தது 1963-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை. யாருக்குச் சேவை செய்வது என்பதை உணவக உரிமையாளரின் விருப்பத்துக்கு விட வேண்டும், அரசு வற்புறுத்துவது கூடாது என்று வாதிட்ட மோசமான கட்டுரை. ஆனால் அந்தக் கருத்தைத் தாம் கைவிட்டுவிட்டதாக 1973-இலேயே செனட் குழுவின் முன் சொல்லியிருந்தார். மேல்முறையீட்டு நீதிபதியாக அவர் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட பெரும்பான்மைத் தீர்ப்புகளில் ஒன்றைக்கூட உச்ச நீதிமன்றம் மாற்றவில்லை. நடிகர் கிரெகரி பெக் குரல் கொடுத்த தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று ஓடியது. நீதிபதி நியமனத்தைத் தேர்தல் பிரசாரம்போல நடத்தும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ஒருவரை இப்படிப் பரப்புரையால் தாக்கி வீழ்த்துவதற்கு, அகராதியில் ஏறும் அளவுக்கு 'போர்க் செய்வது' என்று ஒரு வினைச்சொல்லே அமெரிக்க ஆங்கிலத்தில் பிறந்தது.

ஆனாலும் கென்னடியின் பேச்சால்தான் அவர் தோற்றார் என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை. முடிவைத் தீர்மானித்தவர்கள் தென் மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி செனட்டர்கள். பழமைப் போக்குள்ள வாக்காளர்களுக்கு அஞ்சி இவர்கள் ரீகன் பக்கம் வருவார்கள் என்று வெள்ளை மாளிகை எதிர்பார்த்தது. அலபாமாவின் ரிச்சர்ட் ஷெல்பி, லூசியானாவின் ஜான் பிரோ, ஜார்ஜியாவின் வைச் ஃபௌலர், வட கரோலினாவின் டெர்ரி சான்ஃபோர்ட் ஆகியோர் 1986-இல் வென்றது பெருமளவில் கறுப்பின மக்களின் வாக்குகளால். அந்த வாக்குகள் 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தால் பெட்டிக்கு வந்தவை. இருபது ஆண்டுகள் பட்டபாட்டுக்குப் பின் ஆறிய புண்ணை மறுபடி கிளறுவதற்கு அவர்களின் ஊர்களில் வெள்ளையருக்கும் ஆர்வம் இருக்கவில்லை. வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்ற விதியை 1966-இல் செல்லாததாக்கிய தீர்ப்பையும் போர்க் குறைகூறியிருந்தார் என்பது அங்கே எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இதில் கட்சிக் கணக்கு எது, அரசமைப்புச் சட்ட வாதம் எது என்று பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. அரசமைப்புச் சட்டத்துக்கு எந்தப் பொருள் கொள்வது என்பதன் பயனாகவே அந்த வாக்காளர்கள் வாக்காளர்களாக இருந்தார்கள்.

குழு 9-5 என்று எதிராகப் பரிந்துரைத்தது. பின்வாங்க மறுத்த போர்க், முழுச் சபையின் வாக்கெடுப்பைக் கேட்டு வாங்கினார். அக்டோபர் 23 அன்று 42-58 என்று தோற்றார். குடியரசுக் கட்சியினர் ஆறு பேர் எதிர்த்தார்கள், ஜனநாயகக் கட்சியினர் இருவர் ஆதரித்தார்கள்.

செனட்டுக்கு இந்த உரிமை உண்டா என்பது கேள்வியின் இரண்டாம் பகுதி. சந்தேகமே வேண்டாம், உண்டு. செனட்டின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். எந்த அடிப்படையில் ஒப்புதலை மறுக்கலாம் என்று வரம்பு எதையும் அது விதிக்கவில்லை. 1795-இலேயே, தலைமை நீதிபதிப் பதவிக்கு அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் நியமித்த ஜான் ரட்லெட்ஜை, பிரிட்டனுடனான ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசிய பின்னணியில் செனட் 10-14 என்று நிராகரித்தது. 1930-இல் ஜான் பார்க்கர், தொழிற்சங்கங்களும் கறுப்பின அமைப்பும் எதிர்த்ததால், 39-41 என்று தோற்றார். அதிபர் ஒருவரை அவருடைய சட்டப் பார்வைக்காகவே தேர்ந்தெடுக்கும்போது, அதே பார்வைக்காகவே அவரை எடைபோட செனட்டுக்கு உரிமை இல்லை என்பது ஒரு கையைக் கட்டிவிட்டு மல்லுக்கு அழைப்பதுதான்.

அடுத்து முன்மொழியப்பட்ட டக்ளஸ் கின்ஸ்பர்க், கஞ்சா புகைத்த பழைய கதை வெளிவந்து சில நாட்களில் விலகினார். மூன்றாவதாக வந்த ஆன்டனி கென்னடி 1988 பிப்ரவரியில் 97-0 என்று ஒப்புதல் பெற்றார். ஒரு நியமனத்தின் எடையை அளக்க வேண்டுமானால் அவருடைய முப்பது ஆண்டுகளைப் பார்த்தால் போதும்: 1992-இல் 'கேசி' வழக்கில் கருக்கலைப்பு உரிமையின் மையத்தைக் காப்பாற்றிய ஐவரில் ஒருவர், 2003-இல் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய டெக்சாஸ் சட்டத்தைத் தள்ளிய தீர்ப்பையும், 2015-இல் ஒருபாலினத் திருமணத்தை ஏற்ற தீர்ப்பையும் எழுதியவர். அந்த நாற்காலியில் போர்க் இருந்திருந்தால் இவற்றுள் முதலும் கடைசியும் வேறாக முடிந்திருக்கும் என்றே அவர் பிற்காலத்தில் எழுதியும் பேசியும் வந்தவற்றிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

பின்வந்தவர்கள் போர்க்கிடமிருந்து கற்ற பாடம் வாய் திறக்காதே என்பதுதான். 1993-இல் ரூத் பேடர் கின்ஸ்பர்க், எதிர்காலத் தீர்ப்புகள் பற்றிக் குறிப்பும் தர மாட்டேன், முன்னறிவிப்பும் தர மாட்டேன் என்றார். 2005-இல் ஜான் ராபர்ட்ஸ், நீதிபதி என்பவர் விளையாட்டில் நடுவரைப் போன்றவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சுவையான கதை எலினா கேகனுடையது. 1995-இல் பேராசிரியராக இருந்தபோது, இந்த விசாரணைகள் வெற்றுச் சடங்காகிவிட்டன, போர்க் விசாரணையைப் போல உள்ளடக்கம் பற்றிக் கேட்க வேண்டும் என்று எழுதியவர், 2010-இல் தாமே அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்தக் கருத்திலிருந்து பின்வாங்கி, மற்றவர்களைப் போலவே அளந்து பேசினார். அந்த விசாரணையிலேயே, ஒரு பொருளில் நாம் எல்லோரும் ஒரிஜினலிஸ்டுகள்தான் என்றும் சொன்னார். 1987-இல் தோற்ற சொல், தோற்கடித்த அணியின் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. 2022 ஜூனில் 'டாப்ஸ்' தீர்ப்பு, நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் ஆழ வேரூன்றாத உரிமையை அரசமைப்புச் சட்டம் காக்காது என்று சொல்லி 'ரோ'வை நீக்கியது. கிரிஸ்வோல்டை இது தொடாது என்று பெரும்பான்மை உறுதி கூறியது. அதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியே எழுதினார்.

இந்திய வாசகருக்கு ஒரு செய்தி. அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட நம் உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் முடிவு செய்தபோது, நம் அரசமைப்புச் சட்டத்திலும் அச்சொல் இல்லை. அந்தரங்க உரிமைக்கு எதிரான விமர்சனங்களை ஆராய்ந்த சந்திரசூட் தீர்ப்பில் போர்க்கின் வாதமும் பெயரோடு இடம்பெறுகிறது. அதையெல்லாம் கேட்ட பிறகே, 21-ஆம் கூறின் 'உயிர்', 'தனிமனித சுதந்திரம்' என்ற சொற்களுக்குள் அந்த உரிமை அடங்கும் என்று அமர்வு ஒருமனதாகச் சொன்னது. நம் நாட்டில் நீதிபதிகளைக் கொலீஜியம் மூடிய அறைக்குள் தேர்ந்தெடுக்கிறது என்பதால், இப்படியொரு விவாதம் நியமனத்துக்கு முன் நடப்பதில்லை, தீர்ப்புக்குள்தான் நடக்கிறது.

விசாரணை நடந்துகொண்டிருந்த செப்டம்பர் மாதத்தில் வாஷிங்டன் வார இதழ் ஒன்று, போர்க் குடும்பம் வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்த படங்களின் பட்டியலைக் கடை ஊழியரிடமிருந்து பெற்று வெளியிட்டது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பழைய துப்பறியும் படங்களும் நகைச்சுவைப் படங்களும்தான். ஆனால் இரு கட்சி உறுப்பினர்களும் பதறிப்போனார்கள், அவர்களும் வீடியோ கடைக்குப் போகிறவர்கள்தானே. 1988-இல் வீடியோ அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. உரிமை வேண்டுமானால் சட்டமன்றத்திடம் கேட்டு வாங்குங்கள், நீதிபதியிடம் கேட்காதீர்கள் என்று போர்க் சொல்லிவந்த வழியில் அப்படியே பிறந்த சட்டம் அது. ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலம் பிடித்தது. கனெக்டிகட்டில் சட்டமன்றத்தின் கதவை அதே வழியில் பல பத்தாண்டுகள் தட்டியும் திறக்கவில்லை, 1879-இன் அந்தச் சட்டம் கடைசியில் நீதிமன்றத்தில்தான் விழுந்தது, 86 ஆண்டுகள் கழித்து.